மெய்யான தண்ணீர்

பிள்ளை மூன்றரைக் கிலோ என்றுதான் ஆஸ்பத்திரியில் நிறுத்துச் சொன்னார்கள், உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆதாமைச் சேர்த்து யாரும் நிறுக்கவில்லை, அதனால்தான் கை இப்படிக் கடுக்கிறது, எழுபத்தாறு வயதுக் கை, இடது முழங்கை மடிப்பில் பிள்ளையின் தலை வேர்வையில் வழுக்கிக்கொண்டே போகிறது, கீழே போட்டேனென்றால் இத்தனை வருஷமாக நான் அவிழ்த்துவிட்ட கதைகளையெல்லாம் மறந்துவிட்டு ஊர் இது ஒன்றைத்தான் சொல்லும். ஞானஸ்நானத்தில் ஞானத்தாய்தான் பிள்ளையை ஏந்த வேண்டும், எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். ஞானத்தகப்பன் நான், ஞானத்தாய் மதலேன், என் பெண்டாட்டி. இதோ, என் வலது பக்கம் தலையில் முக்காட்டோடு நிற்கிறாள், கையில் கனமில்லாத வெள்ளைத் துணியும் மெழுகுதிரியும் மட்டும். இரண்டு கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று இருதய டாக்டர் சொல்லிவிட்டார். புதன்கிழமை மதுரையில் அவளுக்கு வால்வு ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து மூடுவார்களாம். செவ்வாய்க்கிழமை சாயந்தரம் கிளம்ப வேண்டும், இன்றைக்கு ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து மணி பதினொன்று, ஆக எனக்கு இருப்பது இரண்டு நாளும் கொஞ்சமும். அதற்குள் அவளிடம் ஒன்று சொல்ல வேண்டும். மூன்று வாரமாகச் சொல்லப் போகிறேன், சொல்லப் போகிறேன். காப்பி குடிக்கும்போது வாயைத் திறப்பேன், மழைக்கு விழுங்கின ஆட்டுக்குட்டியைப் புயலில் கக்கின மலைப்பாம்பு பற்றி ஏதாவது வரும். அவள் சிரிப்பாள், மாத்திரை போட நேரமாகிவிடும். ஃபாதர் எட்வின் புத்தகத்தைப் புரட்டுகிறார், சின்ன வயசு, தாடி இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை, வாசலில் பிள்ளையின் அம்மாவிடம், எங்கள் பேத்தி ஸ்டெல்லாவிடம், “பிள்ளைக்கு என்ன பெயர்?” என்று கேட்டார், அவள் “ஆன்றியா” என்றாள். அப்போதே மதலேன் என் காதருகே, “செசிலின்னு வைக்கலாம்னு சொன்னேன், கேக்கலை” என்றாள். செசிலி. கோயில் வேலைகளைப் பார்க்கிற கோயில்பிள்ளை தாசன் மைக்கைத் தட்டிப் பார்த்தபடியே என் பக்கம் சாய்ந்து, “அண்ணாச்சி, பிள்ளை காதுல கதை எதுவும் சொல்லிராதீரும், பெறகு ஞானஸ்நானம் ஒட்டாது” என்றான், பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிப்பு எனக்கு வேர்வை மாதிரி, கேட்காமலே வரும்.

பிறப்புநிலைப் பாவம் என்கிறார் ஃபாதர், இப்போது அப்படித்தான் சொல்ல வேண்டுமாம், நாங்கள் படித்தபோது ஜென்மப் பாவம். பெயரை எப்படி மாற்றினாலும் சரக்கு அதேதான். ஒரு பழம், ஒரு கடி. நான் அறுபது வருஷமாகக் கதை கட்டுகிறவன், அணைக்கட்டு முதலைக்கு டிக்கெட் எடுத்து பஸ்ஸில் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிவந்தவன், ஆதாமுக்குத் தொப்புள் கிடையாது, அதனால்தான் இடுப்பில் கட்டின இலை நிற்காமல் நழுவி வெட்கம் என்கிற ஒன்றே உலகத்தில் உண்டானது என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லிப் பிரம்படி வாங்கினவன். இருந்தாலும் இந்த ஒரு கடிக்கு முன்னால் தொழில்காரன் என்ற முறையில் தொப்பியைக் கழற்றுகிறேன். என் கதையில் முதலை பஸ்ஸை விட்டு இறங்கினால் கதை முடிந்தது. இந்தக் கடி முடியவே இல்லை. அது ஏவாளின் பல்லிலிருந்து புறப்பட்டு, மழையிலும் வெயிலிலும் நடந்து, கடல் தாண்டி, எங்கள் செம்மண் பூமிக்கு வந்து, பத்து நாள் முன்னே பிறந்து இன்னும் பல்லே முளைக்காத இந்த வாய்க்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது. யாரால் இப்படி ஒன்றைச் சொல்ல முடியும்? அதுவும் எவ்வளவு நியாயமான சொத்து. மற்ற சொத்தெல்லாம் மூத்தவனுக்கு அதிகம், இளையவனுக்குக் குறைவு, பெண்பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. இது மட்டும் எல்லாருக்கும் சரிபாதி கூட இல்லை, எல்லாருக்கும் முழுசு. நான் பையனாக இருக்கும்போது இந்தக் கோயிலிலேயே எங்கள் ஆட்களுக்குத் தூணுக்கு இந்தப் பக்கம், மேல்சாதிக்காரர்களுக்கு அந்தப் பக்கம், நடுவில் கம்பி. சாமியார் நற்கருணை கொடுக்கவும் முதலில் அந்தப் பக்கம்தான் போவார். ஞானஸ்நானத் தொட்டி மட்டும் ஒன்று. கல்தொட்டி, இதே தொட்டி. பண்ணையார் வீட்டுப் பிள்ளையைத் தந்தத் தொட்டிலில் கொண்டுவந்தாலும் இங்கே கொண்டுவந்து, ஐயா இதுவும் கறையோடுதான் பிறந்திருக்கிறது, கழுவிக் கொடுங்கள் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்தப் பாடத்தைக் கேட்டு நிமிர்ந்து நடந்தவன் நான். ஆதாமையும் எனக்குப் பிடிக்கும். பழத்தைத் தின்றது பெரிதில்லை, தின்றாயா என்று கேட்டவுடன் அவன் சொன்ன பதில்தான், நீர் எனக்குத் தந்த அந்தப் பெண்தான் கொடுத்தாள், அடேயப்பா, ஒரே மூச்சில் பெண்டாட்டியையும் படைத்தவரையும் சேர்த்து மாட்டிவிட்டான். முதல் கதைக்காரன். எங்கள் குலத் தொழிலே அங்கே ஆரம்பித்ததுதான். பெண்டாட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறதும்.

ஃபாதர் வாசிக்கிறார், ஃபேன் கடகடவென்கிறது, பிள்ளை உதட்டைச் சப்புகிறது, பால் வாசம். பால் வாசம் வந்தால் பின்னாலேயே எனக்கு அந்த இன்னொரு வாசம் வரும், வேண்டாம் என்றாலும் வரும். நாற்பத்தொன்பது வருஷம். மழை இல்லாத வருஷம், கிணற்றடியில் ஓணான் செத்துக் கிடக்கும். எங்கள் தலைப்பிள்ளை, பதினொரு நாள், பெண். விடியக்காலம் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. நான் அப்போது டவுனில் சோடா கம்பெனியில் வேலை, பாட்டிலில் காஸ் அடித்து கோலி ஏற்றுகிற வேலை. முதலாளியிடம் சொல்லிவிட்டு வர ஓடினேன், வரும்போது மதலேனுக்குத் தாகமெடுக்குமே என்று இரண்டு பாட்டில் பையில் போட்டுக்கொண்டேன், ஒன்று வெறும் சோடா, ஒன்று பன்னீர் சோடா. எட்டரை பஸ். மிஷன் ஆஸ்பத்திரிக்கு முப்பது மைல். பாதி வழி, ஒரு மரம் கிடையாது, ஒரு வீடு கிடையாது, பிள்ளையின் உதடு நாவல்பழ நிறமாகிவிட்டது. மதலேன் என்னைப் பார்த்தாள். வகுப்பில் படித்தது நெஞ்சில் ஓடுகிறது, ஆபத்து நேரத்தில் ஆணோ பெண்ணோ யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் மெய்யான தண்ணீராக இருக்க வேண்டும், இளநீர் ஆகாது, பால் ஆகாது, எச்சில் ஆகாது. ஞானஸ்நானம் பெறாமல் செத்த பிள்ளைகளுக்குக் கல்லறைச் சுவருக்கு வெளியே கள்ளி மூலையில்தான் குழி, பெயர் கிடையாது, சிலுவை கிடையாது. மேலேயும் அப்படித்தானாம், அழுகையும் கிடையாது, சிரிப்பும் கிடையாது, கடவுள் முகமும் கிடையாது, சும்மா ஒரு மங்கலான இடம். பைக்குள் கையை விட்டேன். கையில் வந்ததை எடுத்தேன். கட்டைவிரலால் கோலியை அமுக்கினேன், டஸ் என்று சத்தம், முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிதாவின் பேராலே, கொஞ்சம் நெற்றியில், சுதன் பேராலே, கொஞ்சம், நுரை பொங்கி அந்தச் சின்னப் புருவத்தில் இறங்குகிறது, பரிசுத்த ஆவியின் பேராலே, செசிலி, உனக்கு நான் ஞானஸ்நானம் கொடுக்கிறேன். எங்கிருந்து அந்தப் பெயர் வாயில் வந்ததோ. அப்புறம்தான் வாசம் எழும்பியது. பஸ் முழுக்க ரோசாப்பூ. பாட்டிலைப் பார்க்கிறேன், இளஞ்சிவப்பு. மெய்யான தண்ணீர் பைக்குள்ளேயே கிடக்கிறது. அதை எடுத்து மறுபடி ஊற்றலாமே என்று தோன்றிய நேரம் பிள்ளையின் விரல் என் விரலை விட்டுவிட்டது. எல்லாம் முடிந்து, அழுது, இறங்கும்போது பார்க்கிறேன், டிரைவர் சீட்டுக்கடியில் ஒரு தகர டின். ரேடியேட்டருக்கு ஊற்றுகிற கிணற்றுத் தண்ணீர். தளும்பத் தளும்ப.

பாட்டிலை நான் ஓடையில் எறிந்துவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. பஸ்ஸிலிருந்த கிழவி ஒருத்தி, “பூவாசம் அடிச்சுதே கவனிச்சீங்களா, மோட்சத்துலேருந்து சம்மனசுங்க வந்து வாங்கிக்கிட்டுப் போயிட்டாங்க பிள்ளைய” என்றாள். அவ்வளவுதான். அன்றைக்குச் சாயந்தரமே ஊருக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீரா ஊற்றினாய் என்று பெரிய சாமியார் கேட்டார், ஆமாம் சாமி என்றேன். கல்லறையின் உள்ளே இடம் கொடுத்தார், சிலுவையில் செசிலி என்று எழுதினார்கள். வாழ்நாளில் நான் சொன்னதில் ஊர் நம்பினது அது ஒன்றைத்தான். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத பெண்கள் இன்றைக்கும் அந்தச் சின்னச் சிலுவையில் ஒரு ரோசாப்பூவைச் சொருகிவிட்டுப் போகிறார்கள். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை தாங்க முடியாமல் பாவசங்கீர்த்தனத்தில் பெரிய சாமியாரிடமே சொன்னேன், சாமி, அது பன்னீர் சோடா. கூண்டு வலைக்கு அந்தப் பக்கம் குலுங்குகிற சத்தம், சாமியார் சிரிக்கிறார், “சந்தியாகு, உன் கதையெல்லாம் சந்தைக்கடையோடு நிறுத்திக்கோ, ஞானஸ்நானம்கிற தேவதிரவிய அனுமானத்தைக் கேலி பண்ணினதுக்கு மூணு அருள்நிறைந்த மந்திரம் சொல்லு.” சொன்னேன். என்ன செய்ய. பொய்யை நம்புகிறார்கள், உண்மையைச் சொன்னால் மூன்று மந்திரம். இந்த ஃபாதர் எட்வினிடம் போன மாதம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி கேட்டுப் பார்த்தேன், அவர், “தாத்தா, அந்த மாதிரிப் பிள்ளைகளைக் கடவுளோட இரக்கத்துல ஒப்படைக்கிறோம்னுதான் இப்ப திருச்சபை சொல்லுது” என்றார். அது போதாதா என்றால் எனக்குப் போதும். மதலேனுக்கு? அவள் நாற்பத்தொன்பது வருஷமாக ஒரு விலாசத்தை நெஞ்சுக்குள் வைத்திருக்கிறவள். டாக்டர் காகிதத்தில் கையெழுத்து வாங்கியபோது கூட, “நல்லபடியா முடிஞ்சா ஆன்றியாவைத் தூக்குவேன், முடியலைன்னா மேல போய் என் பிள்ளையைத் தூக்குவேன், ரெண்டும் நல்லதுதான டாக்டர்” என்றாள். அந்த டாக்டரே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் வேறு படம் ஓடுகிறது. இவள் மேலே போகிறாள், முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விசாரிக்கிறாள், செசிலி, பதினொரு நாள் பிள்ளை, சம்மனசுகள் ஏட்டைப் புரட்டிவிட்டு, இல்லையே அம்மா என்கின்றன. திரும்பிக் கீழே பார்க்கிறாள். என்னை. அந்தப் பார்வை. அதை நினைத்துத்தான் மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை. அவள் தெரியாமல் போகக் கூடாது. தெரிந்து போனாலோ, எதைப் பிடித்துக்கொண்டு அந்த மேசையில் படுப்பாள்?

மன்றாட்டுமாலை ஆரம்பித்துவிட்டது. தாசன் ஒவ்வொரு புனிதராகக் கூப்பிடுகிறான், கோயில் மொத்தமும் பதில் சொல்கிறது, அடுத்தது எண்ணெய், அடுத்தது சாத்தானை விடுகிறாயா என்கிற கேள்வி, அவனையும் அவன் புரட்டுகளையும். அதற்கு நான் பிள்ளைக்காகப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பொதியை வாய்க்குள் வைத்துக்கொண்டு எப்படி வாய் திறப்பது? இதுதான் சமயம், இந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது. “மதலேன்” என்றேன். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றாள், பிறகு, “என்ன, கை கடுக்குதா?” “இல்ல. ஒண்ணு சொல்லணும்.” “புனித சூசையப்பரே” என்றான் தாசன். “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். சொல்லுங்க.” “செசிலிக்கு நான் ஊத்துனது தண்ணியில்ல.” அவள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன், பிள்ளை கையில் இருப்பதே மறந்துவிட்டது. “பன்னீர் சோடா. கை தெரியாம எடுத்துட்டேன் ஏட்டி. சத்தியமா இது கதையில்ல.” “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றாள் சத்தமாக. பிறகு உதடு அசையாமல், “அது பன்னீர் சோடான்னு எனக்குத் தெரியாதா? தினமும் அந்த வாசனையோடதான வீட்டுக்கு வருவீங்க. உங்க சட்டையத் துவைச்சது யாரு?” என்றாள். தாசன் இரண்டு புனிதர்களைக் கூப்பிட்டு முடித்துவிட்டான், நான் ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. “அப்ப பூவாசம் பூவாசம்னு ஊரே…” “ஊரு சந்தோசப்பட்டுச்சு. நீங்களும் அழுத அழுகைல அதப் பிடிச்சுத்தான் எழும்பி நின்னீங்க. நான் எதுக்குத் தட்டி விடணும்?” “மதலேன், பிள்ளைக்குக் கறை போகலியே.” இப்போதுதான் அவள் திரும்பினாள். முக்காட்டுக்குள் அந்தக் கண், எழுபத்தொரு வயதுக் கண், உள்ளே இருபத்திரண்டு வயது. “அது காலைலயே போயிருச்சு” என்றாள். “நீங்க லீவு சொல்ல ஓடுனீங்கல்லா, அப்பவே நான் அடுப்படியில பானைத் தண்ணியக் கோரி ஊத்தி, மூணு பேரையும் சொல்லி முடிச்சுட்டேன். உங்கள நம்பிப் பிள்ளையோட மோட்சத்த விட்டுவைப்பனா?”

ஃபாதர் பிள்ளையின் நெஞ்சில் எண்ணெய் பூசுகிறார், அது சிலிர்த்து ஒரு காலை உதைக்கிறது. நான் நிற்கிறேனா, மிதக்கிறேனா. நாற்பத்தொன்பது வருஷம் சுமந்ததை ஒருத்தி முக்காட்டைச் சரிசெய்கிற நேரத்தில் இறக்கிவைத்துவிட்டாள். இறக்கின இடத்தில் எனக்குக் கோபமல்லவா வர வேண்டும்? வரவில்லை. பெருமையாக இருக்கிறது, வெட்கமில்லாமல் பெருமையாக இருக்கிறது. இருபத்திரண்டு வயதுப் பெண், பிள்ளை பெற்ற உடம்பு, தனி வீடு, மூச்சு இழுக்கிற பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு பாட்டிலைத் தேடாமல், இருக்கிற பானையில் இருக்கிற தண்ணீரை எடுத்து ஆதாமைத் துரத்திவிட்டு, அப்புறம் பஸ்ஸில் ஏறி ஒன்றும் தெரியாத மாதிரி என்னைப் பார்த்திருக்கிறாள். நான் கோலியை அமுக்கினபோது, வேண்டாம், ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். “ஏன் ஏட்டி அப்பவே சொல்லல?” “நீங்க முதல்தடவையா கதை இல்லாம ஒண்ணு செஞ்சீங்க” என்றாள், “அத எப்படிங்க வேண்டாங்கிறது? ரெண்டாந்தரம் குடுக்கக் கூடாதுன்னு தெரியும். பாவசங்கீர்த்தனத்துல சொன்னேன். சோடாவெல்லாம் கணக்குல வராது, புருசன்கிட்ட மூச்சு விடாத, அந்த ஆளு தாங்கமாட்டான்னு சாமியாரு சொல்லிட்டாரு.” அதே சாமியார். அதே வலை. குலுங்கினாரே, இரண்டு பக்கமும் கேட்டு வைத்துக்கொண்டு குலுங்கியிருக்கிறார். ஏவாள் பெயரைக் கெடுத்து ஆதாம் தப்பிக்கப் பார்த்தான் என்று படித்தோம். ஏவாளோ, தோட்டத்தை விட்டுப் போகும்போது அவன் தோல் சட்டை கிழியாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பின்னால் நடந்திருப்பாள், அதை எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

“சாத்தானை விட்டுவிடுகிறீர்களா?” என்றார் ஃபாதர். “விட்டுவிடுகிறோம்” என்றாள் மதலேன். ஸ்டெல்லாவும் அவள் மாப்பிள்ளையும் சொன்னார்கள். ஃபாதர் என்னைப் பார்த்தார். “தாத்தா, மைக்ல உங்க சத்தம் வரலியே. பிள்ளை தூங்குதா, நீங்க தூங்குறீங்களா?” பெஞ்சில் சிரிப்பு. “விட்டுவிடுகிறேன்” என்றேன், முழுசாக வந்தது, இதுவரைக்கும் என் வாயிலிருந்து இவ்வளவு சின்ன வாக்கியம் வந்ததே இல்லை. அவனுடைய புரட்டுகளை? விட்டுவிடுகிறேன். முதலை போகட்டும், மலைப்பாம்பு போகட்டும், தொப்புளை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு ஓடியது, அடக்கினேன். தொட்டிக்கு மேலே பிள்ளையைச் சாய்த்தேன். அந்த நேரத்தில்தான் எனக்கு உறைத்தது. பானைத் தண்ணீரை ஊற்றினபோது ஒரு பெயரும் சொல்லியிருப்பாளே. பஸ்ஸில் எட்டரைக்கு மேல்தான் செசிலி என்பது என் வாயில் வந்தது. விடியக்காலமே அந்தப் பிள்ளைக்குப் பெயர் இருந்திருக்கிறது. நாற்பத்தொன்பது வருஷம் நான் ராத்திரி ஜெபத்தில் கூப்பிட்டது யாரை? “மதலேன், நீ என்ன பேரு வச்ச?” தண்ணீர் விழுந்தது, ஆன்றியா வீறிட்டாள், அந்தக் கத்தலில் அவள் பதில் எனக்குக் கேட்காமல் போய்விட்டதோ என்று பயந்து குனிந்தேன். அவளோ ஈரத் தலையில் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டிருந்தாள். “தலையச் சரியாப் பிடிங்க” என்றாள். “பேரு?” “புதன்கிழமை முடியட்டும். கண்ணு முழிச்ச உடனே சொல்லுதேன்.” “இப்பவே சொல்லு ஏட்டி. முழிக்கலைன்னா…” “முழிப்பேன். இந்தப் பேரக் கேட்டு வாங்கணும்னு நீங்க வெளிய உக்காந்திருப்பீங்கல்லா, அதுக்காகவாவது முழிப்பேன்” என்றாள், “அதுவரைக்கும் அந்த இடத்துல நீங்களா ஒண்ணைக் கட்டி வச்சிராதீங்க.” எனக்குத் தெரிந்த பெண்பெயர்கள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நெஞ்சுக்குள் வந்து நின்றன. ஒன்றையும் நான் தொடவில்லை.